பழைய டிராக்டர் ஸ்டியரிங்: பட்டறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு

கூட்டேரிப்பட்டு, மயிலம் பக்கத்துப் பட்டறைகளில் இப்போதுதான் ஸ்பேனர் பிடிக்கும் தம்பிகளுக்கு இது. நம் ஊர் டிராக்டர் இன்றைக்குச் சேடை ஓட்டும். நாளைக்கே கரும்பேற்றிக்கொண்டு முண்டியம்பாக்கம் ஆலைக்கு நாலுவழிச் சாலையில் ஏறும். கழனியில் ஸ்டியரிங் ஆடினால் வரப்பு இடியும், அவ்வளவுதான். சாலையில் எதிரே பஸ் வரும்.

1. "ஸ்டியரிங் ஆடுது, பாக்ஸைப் பிரிச்சிடு" என்பார் வண்டிக்காரர். உடனே பிரிக்காதே. பின்சக்கரத்துக்குக் கல் வை, முன் அச்சை ஜாக்கியில் தூக்கு, அடியில் கட்டை கொடு. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டு. ஹப் மட்டும் ஆடினால் பேரிங். ஹப்போடு சேர்ந்து ஸ்பிண்டிலும் ஆடினால் கிங் பின் புஷ். டிராக்டருக்கு முன்சக்கரத்தில் பிரேக் கிடையாது என்பதால் எது ஆடுகிறது என்று நன்றாகவே தெரியும். அச்சின் நடுவில் இருக்கும் சென்டர் பின்னையும் பார். அதை முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள். பிறகு சக்கரத்தைத் தரையில் இறக்கு. ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் வெட்டிக்கொண்டே இருக்கட்டும். நீ ஒவ்வொரு ஜாயின்ட் மேலும் கையை வைத்துப் பார். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். இத்தனையும் இறுக்கமாக இருந்தால்தான் பாக்ஸ் பக்கம் போக வேண்டும்.

2. ஜாயின்ட் ஏன் தேய்ந்தது என்று பார்க்காமல் புதுசு போடாதே. ரப்பர் பூட் கிழிந்திருக்கும், சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். இல்லையென்றால் நிப்பிள் அடைத்திருக்கும். மேலே க்ரீஸ் பூசியது போலத் தெரியும், உள்ளே ஒரு சொட்டும் இறங்கியிருக்காது. சேடை ஓட்டும் நாட்களில் தினமும் பழைய க்ரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அடிக்கச் சொல்லி அனுப்பு.

3. பால் ஜாயின்ட்டைக் கழற்ற மரையின் தலையில் அடிப்பது புதுப்பையன் வேலை. அது டேப்பரில் கவ்வியிருக்கிறது. நட்டைத் தளர்த்து, முழுதாக எடுக்காதே. ஆர்மின் கண்ணுக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியலை அண்டை கொடு. மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் ஓர் அடி. தானாக விட்டுவிடும்.

4. ஜாயின்ட்டைக் கழற்றும்போது எத்தனை மரை சுற்றி வெளியே வந்தது என்று எண்ணிச் சாக்பீஸால் எழுதி வை. மாசி 1035 மாதிரி வண்டிகளில் பாக்ஸின் இரு பக்கமும் ட்ராப் ஆர்ம் இருக்கும், சக்கரத்துக்கு ஒரு டிராக் லிங்க். ஒன்றை நீட்டி இன்னொன்றை விட்டுவிட்டால் சக்கரங்கள் ஆளுக்கொரு திசை பார்க்கும், டயர் ரம்பம் போட்டதுபோல் தேயும். ஹப் உயரத்தில் முன்னும் பின்னும் அள. முன்பக்கம் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். எத்தனை என்பதைக் கம்பெனிப் புத்தகத்தில் பார்.

5. வெல்டிங் கூடாது. டை ராடு, ட்ராப் ஆர்ம், ஸ்பிண்டில் எதிலும் கூடாது. பற்ற வைத்த இடம் பார்க்க உறுதியாக இருக்கும். சூடு பட்ட பக்கத்து இரும்பு விறைத்துப்போய் அங்கேதான் விரிசல் விடும், அதுவும் பாரம் ஏறிய நேரத்தில். வளைந்த ஆர்மைப் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்துவதும் இதே கதைதான். கரும்பு நிற்கிறது, ஆலையில் முறை போய்விடும் என்று கெஞ்சுவார்கள். கெஞ்சட்டும். பொருள் கிடைக்கவில்லை என்ற சாக்கும் எடுபடாது. மாசி வண்டி செய்யும் டாஃபே கம்பெனி 1960 முதல் சென்னையில் இருக்கிறது. பழைய மாசிக்கு இன்றும் சாமான் வாங்கலாம்.

6. காட்டர் பின்னுக்குப் பதில் ஆணி, கட்டுக்கம்பி செருகாதே. ஓட்டை நேராகவில்லையென்றால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கு, தளர்த்தாதே.

7. பாக்ஸைப் பிரித்தே ஆக வேண்டுமானால் ட்ராப் ஆர்மையும் ஷாஃப்ட்டையும் சேர்த்துப் புள்ளி குத்திவிட்டு எடு. ஒரு பல் மாறினாலும் ஒரு பக்கம் வெட்டு குறையும். ஆட்டத்தைக் கொல்கிறேன் என்று ஷிம்மைக் குறைத்து அழுத்தாதே.

8. சில வண்டிகளில் ஸ்டியரிங்கில் ஒரு குறையும் இருக்காது. ட்ரெய்லர் பாரம் பின்னால் அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கியிருக்கும். "இப்ப லேசா திரும்புது" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். தரையைக் கவ்வாத சக்கரம் லேசாகத்தான் திரும்பும். முன் வெயிட் மாட்டச் சொல், பாரத்தைக் குறைக்கச் சொல். ஸ்டியரிங் சரியில்லாதவர்கள் ஒற்றை பிரேக்கை மிதித்துத் திருப்பிப் பழகியிருப்பார்கள். சாலைக்குப் போகும் வண்டியில் இரண்டு பெடலையும் சேர்க்கும் கொக்கி இருக்கிறதா, மாட்டுகிறதா என்று பார்.

9. வேலை முடிந்ததும் நீயே ஓட்டு. முதலில் வெறும் வண்டி, பிறகு ட்ரெய்லர் மாட்டி. திரும்பி வந்து எல்லா நட்டையும் இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடு.