இல்லம் தேடிச் செல்லும் தானம்

சிராவகர் ஆற்றவேண்டிய தானங்களை உணவு, ஔடதம், சாத்திரம், அபயம் என நான்காக வகுத்தனர் நம் ஆசாரியர்கள். தானம் பெறுவோர் நம்மை நாடி வருவர் என்று கருதியே நாம் பெரும்பாலும் ஈகிறோம். நாடி வர இயலாதவர் நிலை யாது? 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டு மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவருள் 69 விழுக்காட்டினர் சிற்றூர்களில் வாழ்ந்தனர். வீட்டின் ஒரு மூலையிலேயே வாழ்நாளைக் கழிப்போரும் அவருள் உளர்.

இவர்களுக்கு உதவும் நெறியைத் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியிலுள்ள அமர் சேவா சங்கத்தின் பணியிலிருந்து கற்கலாம். அதனை நிறுவிய திரு. எஸ். இராமகிருஷ்ணன், 1975இல் பொறியியல் மாணவராய் இருந்தபோது, கடற்படை அதிகாரிக்கான தேர்வில் விழுந்து அடிபட்டுக் கழுத்திற்குக் கீழே செயலிழந்தவர். தமக்குச் சிகிச்சை அளித்த படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகல் அவர்களின் பெயரால், 1981இல் தம் ஊரிலேயே சங்கத்தைத் தொடங்கினார். தாமும் சக்கர நாற்காலியில் இயங்கும் திரு. எஸ். சங்கரராமன் பின்னர் அவருக்குத் துணையாக இணைந்தார். 2020ஆம் ஆண்டிற்கான பத்மஸ்ரீ விருது இராமகிருஷ்ணன் அவர்களுக்கு வழங்கப்பெற்றது.

பள்ளி, பயிற்சிக்கூடம் ஆகியவற்றுடன் சங்கத்தின் பணி நின்றுவிடவில்லை. வளர்ச்சி குன்றிய குழந்தைக்கு முதல் சில ஆண்டுகளில் அளிக்கும் பயிற்சியே மிகுந்த பயன் தரும். அதனை நாள்தோறும் தொடர்தல் வேண்டும். கூலி வேலை செய்யும் தாய் குழந்தையைச் சுமந்து நாள்தோறும் நகருக்குச் சென்றால் அன்றைய கூலியை இழப்பாள். ஆகவே, பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு தேடிச் சென்று, குழந்தைக்குப் பயிற்சி அளித்து, தாய்க்கும் அதனைக் கற்பிக்கின்றனர். வல்லுநர்கள் அவர்களை வழிநடத்துகின்றனர்.

‘இஃது அவரவர் வினைப்பயன்’ என்று கூறி ஒதுங்குவோர் நம்மிடையேயும் உண்டு. நமக்குக் காய்ச்சல் கண்டால் வினைப்பயன் என்று மருந்துண்ணாமல் இருக்கிறோமா? பிறர் துன்பம் கண்டு இரங்கும் அனுகம்பை, நற்காட்சியின் அடையாளங்களுள் ஒன்றாகும். துன்புறுவோரின் வினை உதயம் அவருடையது. உதவ வாய்ப்பிருந்தும் விலகும் நெஞ்சின் கடுமையால் கட்டுறும் வினையோ நம்முடையது.

உடற்பயிற்சி ஔடத தானத்தின்பாற்படும். அதனைத் தாய்க்குக் கற்பித்தலைச் சாத்திர தானத்தோடு ஒப்பிடலாம். ‘எனக்குப் பின் இக்குழந்தைக்கு யார்?’ என்பதே அத்தாயின் பேரச்சம். அவ்வச்சத்தைச் சிறிதேனும் போக்குதல் அபயதானமன்றோ?

நம் ஊரிலும் வெளியே வாராத ஒருவர் இருக்கக்கூடும். அவரை இல்லம் சென்று காண்போம். மாற்றுத்திறனாளிக்கான அடையாள அட்டை இல்லையெனில் பெற்றுத் தருவோம். அரசின் பல உதவிகளுக்கு அதுவே வாயில். மருத்துவ முகாம் நாளில் வண்டி அமர்த்தி அழைத்துச் செல்வோம். நம் ஜினாலயப் படிகளின் அருகே சக்கர நாற்காலி ஏறுவதற்கு ஒரு சாய்தளம் அமைப்போம். பெருநிதி திரளும்வரை காத்திராமல் இச்சிறு பணிகளை இன்றே தொடங்குவோமாக.