பால் கலந்த நீரும் நாக்கின் அடியும்

பெரிய அறுவை ஒன்று முடிந்து நோயாளியைப் படுக்கைக்குக் கொண்டு வருகிறார்கள். இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. நாடித் துடிப்பும் சரியாக இருக்கிறது. இதயம் நிமிடத்திற்கு எவ்வளவு குருதியை வெளியேற்றுகிறது என்று அளந்தால் அதுவும் குறைவில்லை. ஆனால் இரண்டு மூன்று நாட்களில் சிலருக்குச் சிறுநீரகம் தளர்கிறது. சிலருக்குப் புண் ஆறாமல் சீழ் பிடிக்கிறது. எல்லா அளவுகளும் சரியாக இருந்தவருக்கு ஏன் இப்படி நேர்கிறது?

பாசன ஊர்களில் பிறந்தவர்களுக்கு இது பெரிய புதிராக இராது. தலைமதகில் நீர் நிறைந்து ஓடும்போதே கடைமடை வயல் காய்வதுண்டு அல்லவா? நம் உடலின் கடைமடை தந்துகிகள். இவற்றின் விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர் வரைதான். சிவப்பணுவின் விட்டமோ 7 அல்லது 8 மைக்ரோமீட்டர். ஆகவே அணுக்கள் உடலை வளைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் இவற்றினுள் நுழைய முடியும். திசுக்களுக்கு ஆக்சிஜன் பெரும்பாலும் போய்ச் சேருவது இங்கேதான். கையில் பட்டை கட்டி அளக்கும் இரத்த அழுத்தம் தலைமதகின் செய்தியைச் சொல்லுமேயன்றிக் கடைமடையின் செய்தியைச் சொல்லாது.

அப்படியானால் நுண்ணோக்கியை வைத்துத் தந்துகிகளை நேரடியாகப் பார்த்துவிடலாமே என்பீர்கள். அங்குதான் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. ஈரமான திசுவின் மேல் ஒளியைப் பாய்ச்சினால், மேற்பரப்பிலிருந்து எதிரொளிக்கும் பளபளப்பு கண்ணைக் கூசச் செய்து, அடியில் இருப்பதை மறைத்துவிடும். உள்ளே நுழைந்த ஒளியோ செல்களில் மோதி மோதி நாலா பக்கமும் சிதறிவிடும். இருட்டறையில் டார்ச் விளக்கின் வாயை விரலால் மூடிப் பாருங்கள். விரல் முழுதும் சிவந்து ஒளிரும்; ஆனால் உள்ளே இருக்கும் எலும்பின் விளிம்பு கூடத் தெளிவாகத் தெரியாது. எலும்பு ஒளியைத் தடுக்காததால் அன்று; ஒளி தன் வழியை மறந்துவிட்டதால்தான் இப்படி.

‘மறந்துவிட்டது’ என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதினேன். அதன் பொருள் விளங்க, ஒரு கண்ணாடித் தம்ளரையும் கொஞ்சம் பாலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒளி ஒரு குறுக்கலை என்று படித்திருக்கிறீர்கள். சாதாரண ஒளியில் அதிர்வுகள், ஒளி செல்லும் திசைக்குச் செங்குத்தாக, எல்லாப் பக்கங்களிலும் இருக்கும். ஒரு போலராய்டுத் தகட்டின் வழியே வந்த ஒளியில் ஒரே தளத்தின் அதிர்வுகள் மட்டும் எஞ்சும். இதைத் தளவிளைவுற்ற ஒளி என்கிறோம். இரண்டாவது தகடு ஒன்றை முதல் தகட்டுக்குக் குறுக்காகத் திருப்பி வைத்தால் அந்த ஒளி முற்றிலும் தடைபடும். பள்ளி ஆய்வகத்தில் போலராய்டு இல்லையென்றால் போலராய்டு வகைக் குளிர்கண்ணாடி போதும். அது அசல்தானா என்று அறிய, கணிப்பான் திரையை அதன் வழியே பார்த்துக்கொண்டே கண்ணாடியைச் சுழற்றுங்கள்; ஒரு நிலையில் திரை கறுத்துப் போக வேண்டும்.

இப்போது தம்ளரில் நீரை நிரப்பி, இரண்டு மூன்று சொட்டுப் பாலை விட்டுக் கலக்குங்கள். முதன்முறை நான் இதைச் செய்தபோது அவசரத்தில் ஒரு கரண்டி ஊற்றிக் கெடுத்துவிட்டேன். சொட்டுச் சொட்டாகவே விடுங்கள். இருட்டறையில் டார்ச் ஒளியை ஒரு பக்கத்திலிருந்து பாய்ச்சி, அதற்குச் செங்கோணத்தில் நின்று போலராய்டு வழியே பாருங்கள். தகட்டைச் சுழற்றச் சுழற்ற, நீருக்குள் தெரியும் ஒளிக்கற்றை பொலிவதும் மங்குவதுமாக இருக்கும். ஒரு முழுச் சுற்றில் இரண்டு முறை மங்கும். பாலின் நுண்துகளில் ஒரே ஒரு முறை மோதிப் பக்கவாட்டில் சிதறிய ஒளி பெருமளவு தளவிளைவுற்றிருக்கிறது என்பதே இதன் பொருள். தெளிந்த வானத்தில் சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள நீலமும் இவ்வாறே.

இனி அந்த ஒரு கரண்டிப் பாலை ஊற்றலாம். மீண்டும் தகட்டைச் சுழற்றுங்கள். மாற்றமே தெரியாது! ஒளி இப்போது பலமுறை மோதித்தான் வெளியே வருகிறது. ஒவ்வொரு மோதலிலும் அதிர்வின் தளம் சிறிது சிறிதாகத் திரும்பி, முடிவில் எல்லாத் தளங்களும் கலந்துவிட்டன. சில முறையே மோதிய ஒளி தன் தளத்தை நினைவில் வைத்திருக்கிறது. பலமுறை மோதிய ஒளி அதை மறந்துவிடுகிறது.

(இந்தச் சோதனைக்கு நம் நாட்டில் ஒரு பரம்பரை உண்டு. 1928-இல் கல்கத்தாவில் இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் நீர்மங்களில் சிதறிய ஒளியில் புதிய நிறக்கூறு ஒன்றைக் கண்டபோது, அது வலுவாகத் தளவிளைவுற்றிருந்தது. அது வெறும் உடனொளிர்வு அன்று என்று அவர்கள் உறுதிகொள்ள உதவிய சான்றுகளுள் இதுவும் ஒன்று.)

இந்த நினைவையும் மறதியையும் பிரித்தெடுக்கத் தெரிந்தால் திசுவுக்குள் பார்க்க முடியும். 1999-இல் வாரன் குரோனர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் இதற்கான கருவியை விவரித்தார்கள். பச்சை ஒளியை ஒரு தளவிளைவாக்கி வழியாகத் திசுவின்மேல் பாய்ச்சுகிறார்கள். திரும்பி வரும் ஒளியை, முதலாவதற்குக் குறுக்காக வைத்த இரண்டாவது தகட்டின் வழியாகப் படக்கருவிக்குள் விடுகிறார்கள். மேற்பரப்பில் பட்டுத் திரும்பிய பளபளப்பு தன் தளத்தை மறக்கவில்லை. ஆகவே குறுக்குத் தகட்டில் சிக்கி நின்றுவிடுகிறது. ஓரிரு மோதலில் திரும்பிய ஒளியும் அப்படியே. ஆழத்தில் நுழைந்து பலமுறை மோதி, தளத்தை மறந்து மேலே வருகிற ஒளியில் பாதி மட்டும் தகட்டைக் கடந்து செல்கிறது. பின்னால் விளக்கு வைத்ததுபோல் அது தந்துகிகளை அடியிலிருந்து ஒளியூட்டுகிறது. ஒளிர்கின்ற திரையின்முன் சிவப்பணுக்கள் கரும்புள்ளிகளாக ஓடுவதை அப்படியே படம் பிடிக்கலாம். சாயம் ஏற்ற வேண்டியதில்லை.

பச்சை ஒளி ஏன்? ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்கு உட்கவர்கிறது. அதிலும் அவர்கள் தேர்ந்த 548 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு வசதி உண்டு. ஆக்சிஜனை ஏற்றிக்கொண்ட ஹீமோகுளோபினும் இறக்கிவிட்ட ஹீமோகுளோபினும் அந்த அலைநீளத்தை ஒரே அளவில் உட்கவர்கின்றன. ஆகவே தமனியானாலும் சிரையானாலும் அணுக்கள் ஒரே கருமையுடன் தெரியும். ஒன்றை மறவாதீர்கள்: இக்கருவிக்குத் தெரிவது குழாயின் சுவர் அன்று, சிவப்பணுக்களே. அணு நுழையாத தந்துகி படத்தில் இல்லாததாகவே தோன்றும்.

அப்படியானால் குறுக்குத் தகட்டில் சிக்கிய ஒளி வீண்தானா? இல்லை. அமெரிக்காவின் ஓரிகனில் ஸ்டீவன் ஜாக்ஸ் என்பவர் அதையே தமக்கு வேண்டியதாக்கிக்கொண்டார். தோல் புற்றுநோயை வெட்டியெடுக்கும்போது எதுவரை வெட்டுவது என்பது மருத்துவருக்குப் பெருங்கவலை. குறைத்து வெட்டினால் நோய் எஞ்சும், கூட்டி வெட்டினால் நல்ல தோல் போய்விடும். மேல்தோலின் அமைப்பைச் சொல்வது அதில் ஓரிரு முறை மட்டும் மோதித் திரும்பிய ஒளிதான். ஜாக்ஸ் இரண்டு படங்கள் எடுத்தார். ஒன்று தகடுகளை இணையாக வைத்து, மற்றது குறுக்காக வைத்து. பிறகு இரண்டின் வேறுபாட்டை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தார். மறந்த ஒளி இரு படங்களிலும் சமமாக இருப்பதால், கழித்தவுடன் மறைகிறது. வகுப்பது எதற்கு? ஓரிடத்தில் இணைப் படத்தின் அளவு 60, குறுக்குப் படத்தின் அளவு 40 என்க. வேறுபாடு 20, கூடுதல் 100, விகிதம் 0.2. பக்கத்தில் ஒரு கரும்புள்ளி ஒளியைப் பாதியாகக் குறைக்கிறது என்றால் அளவுகள் 30, 20 ஆகும். வேறுபாடு 10, கூடுதல் 50, விகிதம் மீண்டும் 0.2! தோலின் நிறமி தானாகவே கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது. அவர் வெளியிட்ட படங்களில், சாதாரணப் படத்தில் தெரியும் கரும்புள்ளி விகிதப் படத்தில் மறைந்திருந்தது. எட்டாம் வகுப்புக் கணக்கு எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.

குரோனரின் கருவிக்குத் திரும்புவோம். அதை உடலில் எங்கே வைப்பது? நாக்கின் அடியில். அங்கே சவ்வு மெல்லியது, நிறமி மிகக் குறைவு, கருவியை எளிதில் கொண்டுபோகலாம். கை சற்று அழுத்திவிட்டால் மட்டும், கருவியே குருதி ஓட்டத்தை நிறுத்திவிட்டு ‘ஓட்டம் இல்லை’ என்று பொய் சொல்லும். மண்டையோட்டைத் திறந்த அறுவைகளில் மூளையின் பரப்பிலும் வைத்துப் பார்த்தார்கள். 2001-இல் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் மூளைக் கட்டி அறுவையிலும், 2003-இல் ஜெர்மன் மருத்துவர்கள் மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்தவர்களின் அறுவையிலும் இவ்வாறு பார்த்தனர். பின்னவர்கள் மிகச் சிறிய தமனிகள் ஆங்காங்கே இறுகிச் சுருங்கியிருப்பதைக் கண்டார்கள்.

2002-இல் பிரஸ்ஸல்ஸில் டேனியல் டி பாக்கர் குழுவினர் செப்சிஸ் என்னும் கொடிய தொற்றுநிலைக்கு ஆளான 50 பேரின் நாக்கடியைப் படமெடுத்தனர். உடல்நலமுள்ளவர்களிடம் சிறு குழாய்களில் 100-க்கு 90 அளவில் குருதி ஓடிக்கொண்டிருந்தது. நோயாளிகளிடம் 48 அளவில்தான் ஓடியது. பிழைக்காமற் போனவர்களிடம் நிலைமை இன்னும் மோசம். அசெட்டைல்கோலின் என்னும் மருந்தை அவ்விடத்தில் இட்டவுடன் ஓட்டம் மீண்டது என்பதையும் கண்டார்கள். குழாய்கள் அடைபட்டு அழிந்துவிடவில்லை என்று இதனால் தெரிந்தது.

2007-இல் இன்னொரு கருவி வந்தது. அதில் நுனியைச் சுற்றி விளக்குகளை வளையமாக வைத்து, நடுவில் பார்வைக்கான குழாயைத் தனியே மறைத்துவிட்டார்கள். பளபளப்பு நடுக்குழாய்க்குள் நுழைவதேயில்லை. ஆகவே தளவிளைவுத் தகடுகளும் தேவைப்படவில்லை. ஆனால் படத்தை உண்டாக்குவது அதே ஒளி, ஆழத்தில் சிதறி மீண்ட ஒளிதான். 2009-இல் லண்டன் மருத்துவர்கள் இவ்வகைக் கருவியால் பெரிய வயிற்று அறுவைக்கு உள்ளான 25 பேரைக் கவனித்தனர். 14 பேருக்குப் பின்னர்ச் சிக்கல்கள் நேர்ந்தன. இதயம் உடலுக்கு அனுப்பிய மொத்த ஆக்சிஜனில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் சிக்கல் நேர்ந்தவர்களுக்கு நாக்கடி ஓட்டம் மந்தமாக இருந்தது, அதுவும் அறுவைக்கு முன்பிருந்தே! தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இது ஒரு விடைபோல் தோன்றுகிறது. எனினும் 25 பேர் என்பது சிறு எண். மேலும், மந்தமான ஓட்டம் சிக்கலுக்குக் காரணமா, அல்லது இரண்டும் வேறேதோ ஒன்றின் விளைவுகளா என்பதை இப்படிப்பட்ட கவனிப்பு மட்டும் தீர்மானிக்காது.

அப்படியானால் ஓட்டத்தைத் திருத்திப் பார்க்க வேண்டும். 2002-இலேயே நெதர்லாந்தில் இதை முயன்றிருந்தார்கள். செப்சிஸ் அதிர்ச்சியில் இருந்த 8 பேருக்கு, குழாய்களை விரிக்கும் நைட்ரோகிளிசரினைச் செலுத்தினார்கள். நாக்கடியில் நின்றிருந்த அணுக்கள் ஓடத் தொடங்கின. படத்தைப் பார்த்த எவருக்கும் மருந்து வேலை செய்கிறது என்றே தோன்றியிருக்கும். ஆனால் மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. 2010-இல் அதே நாட்டில் 70 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றதற்கு மருந்தில்லாத கரைசலும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மற்றச் சிகிச்சைகள் இரு பிரிவுக்கும் ஒன்றே. நாக்கடி ஓட்டம் இரு பிரிவிலும் சீரடைந்தது. மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் ஓட்டத்தில் வேறுபாடு காணப்படவில்லை.

ஆகவே கடைமடையைப் பார்க்க ஒரு கண் கிடைத்துவிட்டது. மடையைத் திறக்கும் கை இன்னும் கிடைக்கவில்லை. இக்கருவிகள் இன்றும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்கே பயன்படுகின்றன. இவற்றின் படத்தைப் பார்த்து நோயாளிக்கு இன்ன மருந்து என்று முடிவு செய்வது இன்னும் அன்றாட வழக்கமாகவில்லை.