பெட்டிக்கும் லீவு விடுங்கள்

என் 13 வயது மகன் கால்பந்தில் பந்தைத் தலையால் முட்டும் ஹெட்டருக்கு உயரம் வேண்டும் என்று தினமும் 200 முறை பெட்டிமேல் தாவுகிறான். ஒருநாள் விட்டாலும் வீணாகிவிடும் என்கிறான். சரியா?
– ஒரு தாய், வியாசர்பாடி

விடாமல் தாவினால்தான் வீண்! கால் வலுவாவது தாவும்போது அல்ல, பிறகு எடுக்கும் ஓய்வில். வாரம் இரண்டு நாள் போதும். நடுவில் 48 மணி நேரமாவது இடைவெளி. ஒரு நாளைக்கு 60, 80 தாவல் தாராளம். சுற்றுக்குச் சுற்று ஒன்றிரண்டு நிமிடம் நிற்கட்டும். மூச்சிரைக்க வேண்டிய பயிற்சி இல்லை இது. எப்போது நிறுத்துவது? காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இறங்கும்போது 'தொப்'பென்று கேட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். மேட்சுக்கு முந்தின நாள் பெட்டி பரணுக்குப் போகட்டும். முழங்கால் சில்லுக்குக் கீழே தொட்டால் வலிக்கிறதா? தாவலை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். வளரும் வயதில் அது சகஜம். இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதற்குப் பெட்டியைவிட செல்போனைத்தான் முதலில் ஒளித்துவைக்க வேண்டியிருக்கும்.