நல்கையும் நாமும்: அரசாணையைப் படிக்கும் முறை

முன்னுரை

கல்வெட்டும் உரைநூலும் தமிழாசிரியர்க்கு எத்துணை நெருக்கமோ, அத்துணைத் தொலைவில் நிற்பது அரசாணை. சுற்றறிக்கையோடு வரும் ஆணையின் நகலில் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புவதோடு நம் கடமை முடிந்ததென எண்ணி விடுகிறோம். ஆயினும் நம் துறையில் எத்தனை ஆசிரியர் இருப்பர், ஓய்வு பெற்றவர் இடம் நிரப்பப்படுமா என்பனவற்றை முடிவு செய்வன அத்தாள்களே. அரசு உதவி பெறும் கல்லூரிக்கு நல்கை எவ்வழியில் வருகிறது, அதனைக் கூறும் ஆணையை எவ்வாறு படித்தல் வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நல்கை: சொல்லும் பொருளும்

'மானியம்' என்னும் சொல்லுக்கு ஈடாக இன்று 'நல்கை' என்பது வழங்குகிறது. இது 'நல்கு' என்னும் வினையடியாகப் பிறந்த பெயர். பழைய இலக்கியத்தில் நல்குதல் என்பது அருளோடு கொடுத்தலைக் குறிக்கும். வள்ளல் விரும்பினால் நல்குவான். விரும்பாவிடின் புலவன் வெறுங்கையோடு மீள்வான். அரசு கல்லூரிக்கு வழங்கும் நல்கை இவ்வகையினது அன்று. அது மக்கள் செலுத்திய வரிப்பணம், விதியின்படி வருவது, கணக்குக் காட்டப்பட வேண்டியது. சொல் பழையதாயினும் பொருள் புதியது என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும்.

விதியோடு கூடிய கொடை நம் நாட்டுக்கு முற்றிலும் புதிதும் அன்று. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் (1012–1044) காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அங்கு நடைபெற்ற வேதக் கல்லூரியில் 340 மாணவரும் 14 ஆசிரியரும் இருந்தனர் என்றும், அதற்கென 45 வேலி நிலம் விடப்பட்டது என்றும் அறிகிறோம். மாணவர்க்கு நாள்தோறும் அளக்க வேண்டிய நெல்லின் அளவும் அதில் குறிக்கப்பட்டுள்ளது. யாருக்கு, எதற்கு, எவ்வளவு, எதிலிருந்து என்னும் நான்கு வினாக்களுக்கும் அக்கல்வெட்டு விடை கூறுகிறது. இன்றைய அரசாணையும் இந்நான்குக்கே விடை கூற முற்படுகிறது.

நல்கை வந்த வழி

தனியார் நிறுவனங்களுக்கு அரசு உதவித் தொகை வழங்கும் முறையை 1854ஆம் ஆண்டு உட்ஸ் கல்வி அறிக்கை பரிந்துரைத்தது. விடுதலைக்குப் பின், 1953இல் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கல்வி அமைச்சராக இருந்தபோது பல்கலைக்கழக மானியக் குழு தொடங்கி வைக்கப்பட்டது. 1956இல் அது சட்டப்படியான அமைப்பாயிற்று. அச்சட்டத்தின் 2(எஃப்), 12(பி) ஆகிய பிரிவுகளின்கீழ் ஏற்பு பெற்ற கல்லூரிகளே அக்குழுவின் நல்கைக்குத் தகுதி உடையன. தமிழ்நாட்டிலோ, 1976ஆம் ஆண்டுத் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் கல்லூரிக் குழு, செயலர், ஆசிரியர் பணி நிலை ஆகியவற்றை நெறிப்படுத்தியது. ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்களுக்கான ஊதிய நல்கை கல்லூரிக் கல்வி இயக்ககத்தின்கீழ் உள்ள மண்டல இணை இயக்குநர் அலுவலகத்தின் வழியே வருகிறது.

இவ்வழிகளும் மாறுவன. ஐந்தாண்டுத் திட்டங்களை ஒட்டி வந்த கல்லூரி வளர்ச்சி நல்கை, பன்னிரண்டாம் திட்டம் 2017இல் முடிவுற்றதோடு பழைய வடிவை இழந்தது. 2013இல் தொடங்கிய தேசிய உயர்கல்வி இயக்கம் மாநில அரசுகளின் வழியே நிதி வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. பழைய கோப்பை மட்டும் நம்பி இருப்பவர், அடைபட்ட வாயிலின் முன் காத்து நிற்பவர் ஆவர்.

சிறுபான்மையினர் கல்லூரிகளும் உதவியும்

வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது. திருச்சிராப்பள்ளி ஜமால் முகம்மது கல்லூரி 1951இலும், மேல்விசாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965இலும் தோன்றின. வணிகத்தில் ஈட்டிய பொருளைக் கல்விக்கு ஈந்த பெருமக்களின் கொடையே இவற்றுக்கு அடித்தளம். எனினும் கொடை கட்டடத்தை எழுப்பும். ஆண்டுதோறும் ஊதியம் வழங்கத் தொடர் வருவாய் வேண்டும். அரசின் உதவி இங்கேதான் இன்றியமையாததாகிறது.

அரசியலமைப்பின் 30(2)ஆம் கூறு, உதவி வழங்குங்கால் ஒரு நிறுவனம் சிறுபான்மையினர் நிருவாகத்தில் உள்ளது என்பதற்காக அரசு வேறுபாடு காட்டலாகாது என்கிறது. உதவி பெறும் நிறுவனத்துக்கு உரிய கடமைகளையும் அதே அரசியலமைப்பு கூறுகிறது. 29(2)ஆம் கூற்றின்படி சமயம், இனம், சாதி, மொழி என்னும் காரணங்களுக்காக மட்டும் எவர்க்கும் இடம் மறுத்தல் ஆகாது. 28(3)ஆம் கூற்றின்படி சமய போதனைக்கு எவரையும் அவர்தம் இசைவின்றி உட்படுத்துதல் ஆகாது. உரிமையும் கடமையும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டவை.

ஆணையின் உறுப்புகள்

அரசாணைக்கு உறுப்புகள் உண்டு. தொடக்கத்தில் 'சுருக்கம்', அடுத்துத் துறையின் பெயர், எண், நாள், திருவள்ளுவர் ஆண்டு, பின்னர் 'படிக்கப்பட்டவை', அதன்பின் 'ஆணை', இறுதியில் ஆளுநரின் ஆணைப்படி என்னும் குறிப்பும் அரசுச் செயலாளர் பெயரும் பெறுநர் பட்டியலும். நம்முள் பலர் சுருக்கத்தைப் படித்து அமைவர். அது பாடலை விடுத்துக் கொளுவை மட்டும் படிப்பது போன்றது.

முதலாவதாக, 'படிக்கப்பட்டவை' என்னும் பகுதியைக் காண்க. இவ்வாணைக்கு முன் பிறந்த ஆணைகளும் கடிதங்களும் அங்கு வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்று நம் கோப்பில் இல்லையெனில், புதிய ஆணையின் பொருள் முழுமையாக விளங்காது.

இரண்டாவதாக, பயனிலையை நோக்குக. 'பரிசீலிக்கப்படும்' என்பது வாக்குறுதியும் அன்று. 'கொள்கையளவில் ஏற்கப்படுகிறது' என்பதில் பணம் இல்லை. 'ஒதுக்கீடு' என்பது வரவுசெலவுத் திட்டத்தில் இடம் பெற்றதைக் குறிக்கும். 'ஒப்பளிப்பு' என்பது செலவுக்கு இசைவு தந்ததைக் குறிக்கும். 'விடுவிப்பு' என்பதே பணம் புறப்பட்டதைக் குறிக்கும். இம்மூன்றையும் ஒரு பொருட் பன்மொழியாகக் கொள்வது பெரும்பிழை.

மூன்றாவதாக, புதிதாகச் செலவுக்கு இடந்தரும் ஆணையாயின் நிதித்துறையின் இசைவு குறிக்கப்பட்டுள்ளதா, செலவுக்குரிய கணக்குத் தலைப்பு தரப்பட்டுள்ளதா என்று பார்க்க. எண்ணாயிரத்துக் கல்வெட்டு நிலத்தின் அளவைக் கூறியதும் இதற்காகவே. எதிலிருந்து என்பது தெரியாத கொடை எழுத்தளவிலேயே நின்றுவிடும்.

பணிச்சுமைக் கணக்கு

பணியிடம் பணிச்சுமையைப் பொறுத்தது. உதவிப் பேராசிரியர்க்கு வாரம் 16 மணி நேர நேரடிக் கற்பித்தல் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதி. ஓர் எடுத்துக்காட்டு காண்போம். பகுதி ஒன்று தமிழுக்கு 20 வகுப்புப் பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் வாரம் 6 மணி எனில் மொத்தம் 120 மணி. 16ஆல் வகுக்க ஏழரைப் பணியிடம் ஆகும். பாடத்திட்ட மாற்றத்தால் 6 மணி 5 ஆனால் மொத்தம் 100 மணி; பணியிடம் ஆறேகால். பாடத்திட்டக் குழுவில் ஒரு மணி நேரத்தை நாம் விட்டுக்கொடுக்கும்போது, ஓர் ஆசிரியரின் வாழ்வையே விட்டுக்கொடுக்கிறோம் என்பதை உணர்தல் வேண்டும்.

நாமறிந்த கல்லூரி ஒன்றில் மூத்த தமிழாசிரியர் ஓய்வு பெற்றார். அவ்விடத்தை நிரப்பக் கருத்துரு அனுப்பியபோது, முந்தைய ஆண்டின் கால அட்டவணையையே இணைத்துவிட்டனர். விளக்கம் கோரிக் கோப்பு திரும்பியது. திருத்தி அனுப்பி விடை வருவதற்குள் இரண்டு கல்வியாண்டுகள் கழிந்தன. அதுவரை அவ்வகுப்புகளை மணிக்கணக்கில் ஊதியம் பெற்ற இளம் ஆசிரியர் ஒருவரே நடத்தினார். அட்டவணையைத் தந்தது தமிழ்த்துறையே. பிழை அலுவலகத்தினது என்று கூறி நாம் தப்ப இயலாது.

ஒரு கூரை, இரு ஊதியம்

1980களின் பிற்பகுதி தொடங்கித் தமிழ்நாட்டில் சுயநிதிப் பாடப்பிரிவுகள் பெருகின. உதவி பெறும் கல்லூரிகளிலும் அவை இடம்பெற்றன. அதே பாடத்தை, அதே தேர்வுக்கு, அதே வளாகத்தில் நடத்தும் இருவருள் ஒருவர் அரசு விதித்த ஊதியமும், மற்றவர் மாணவர் கட்டணத்திலிருந்து நிருவாகம் தரும் ஊதியமும் பெறுகின்றனர். பெரும்பாலும் பின்னவரின் ஊதியம் மிகச் சிறிது. சுயநிதிப் பிரிவு இன்றேல் பல ஏழை மாணவர்க்கு இடமே கிடைத்திராது என்பதும் உண்மை. ஆயினும் இவ்வேறுபாட்டை இயல்பு என ஏற்றுப் பழகிவிடுதல் அறம் ஆகாது. நல்கையின் விதியை அறிந்த மூத்தோர், காலியிடங்களை உரிய காலத்தில் கேட்டுப் பெற்றால், அருகில் அமர்ந்திருக்கும் இளையோருக்கு ஒரு கதவேனும் திறக்கும்.

முடிவுரை

நம் சமுதாய வழக்கில் 'அமானிதம்' என்றொரு சொல் உண்டு. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளை அது குறிக்கும். அமானிதத்தைப் பெற்றவர் அதற்கு உடையவர் அல்லர். அதனைக் காக்கவும் உரியவரிடம் சேர்க்கவும் கடமைப்பட்டவர். அரசு நல்கைக்கு இதனினும் பொருந்திய சொல் வேறில்லை. பயன்பாட்டுச் சான்றிதழும் தணிக்கையும் நமக்குச் சுமை அல்ல. அமானிதம் காக்கப்பட்டது என்பதற்கான சாட்சிகள்.

எனவே ஒவ்வொரு தமிழ்த்துறையும் அரசாணைக் கோப்பு ஒன்றைப் பேணுதல் வேண்டும். கல்வியாண்டின் தொடக்கத்திலேயே அவ்வாண்டுக்குரிய பணிச்சுமைப் பட்டியலைச் சரிபார்த்தல் வேண்டும். முதுகலை மாணவர்க்குக் கல்வெட்டுப் பாடத்தோடு ஓர் அரசாணையையும் படித்துக் காட்டுதல் வேண்டும். அடுத்து வருகின்ற ஆணையின் நகலில் கையொப்பமிடும் முன், அதனை ஒருமுறை முழுமையாகப் படிப்போமாக. அதற்குரிய பொறுமையையும் நேர்மையையும் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.