‘சூப்பர் சார்’ போதாது: புகைப்படக் குழுவில் கருத்துச் சொல்வதும் கேட்பதும்

ஞாயிறு விடியலில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால் கேமராவும் கையுமாக ஒரு கூட்டத்தைப் பார்க்கலாம். வெயில் ஏறியதும் டீக்கடை. மதியத்துக்குள் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்து விழும். கூடவே ‘செம்ம ப்ரோ’, ‘சூப்பர் சார்’. மறுநாள் அந்தப் படங்கள் யார் நினைவிலும் இருக்காது. வேறு சில குழுக்களில் ஒரு மூத்தவர் எல்லாப் படத்தையும் கிழித்துத் தொங்கவிடுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். எடுத்தவருக்கு இரண்டிலும் பைசா பிரயோஜனமில்லை.

தான் எடுத்த படத்தைத் தானே பார்ப்பது கடினம். இருட்டோடு எழுந்து வந்தது, வலை உலர்த்தியவர் பேசிய பேச்சு, மீன் வாடை எல்லாமே எடுத்தவருக்குப் படத்துக்குள் இருக்கின்றன. நமக்கோ சட்டத்துக்குள் விழுந்தது மட்டும்தான் தெரியும். அந்த அறியாத கண்ணைத்தான் குழு அவருக்குக் கொடுக்க முடியும். இனி வரும் யோசனைகள் எல்லாம் அந்தக் கண்ணைக் கெடுக்காமல் வைத்துக்கொள்வதற்கு.

கூடும் முன்

ஆளுக்கு ஒரு படம், மிஞ்சினால் இரண்டு. இருபது படத்தைக் கொட்டிவிட்டு ‘எது நல்லாயிருக்கு?’ என்று கேட்பவர், தான் செய்ய வேண்டிய வேலையைக் குழுவின் தலையில் கட்டுகிறார். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், ஷட்டர், ஐஎஸ்ஓ விவரங்களும் போய்விடும். சுருங்கிய படத்தை வைத்துக்கொண்டு ‘ஷார்ப்பா இல்லையே’ என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. போனின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்திருப்பவருக்கு இருண்ட படமும் பளிச்சென்றே தெரியும். நேரில் கூடுகிறவர்கள் முடிந்தால் பிரிண்ட் போட்டு வாருங்கள். மேசையில் கிடக்கும் காகிதத்தை எல்லோரும் ஒரே மாதிரிப் பார்க்கலாம்.

படம் எங்கே போகிறது?

படத்தை வைப்பவர் முதலில் ஒன்றை மட்டும் சொல்லட்டும்: இது போட்டிக்கா, பத்திரிகைக்கா, வீட்டுச் சுவருக்கா? அதற்கு மேல் கதை வேண்டாம். கதை சொல்லிவிட்டால் நாமும் அவர் கண்ணால் பார்க்க ஆரம்பித்துவிடுவோம்.

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு புகைப்படக் கலைஞர் டொரோதியா லாங்கின் ‘புலம்பெயர்ந்த தாய்’ படமே சாட்சி. 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்கும் தொழிலாளர் முகாமில் எடுத்தது. படத்தின் வலது கீழ் மூலையில் கூடாரக் கம்பைப் பிடித்த ஒரு கட்டைவிரல் தெரியும். அது கண்ணை இழுக்கிறது என்று நினைத்த லாங், சில ஆண்டுகள் கழித்து நெகட்டிவில் அதை மறைக்கச் செய்தார். லாங் வேலை பார்த்த அமெரிக்க அரசின் புகைப்படத் திட்டத்தை நடத்திய ராய் ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. ஆவணத்தில் கை வைக்கலாமா என்பது அவர் கட்சி. விரல் ஒன்றுதான், இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. படம் எதற்கு என்று தெரிந்தால்தான் ‘அதை எடுத்துடுங்க’ என்பது நல்ல யோசனையா என்று முடிவு செய்ய முடியும்.

சுற்று

முதல் சுற்றில் தீர்ப்பு வேண்டாம். ஒவ்வொருவரும் தன் கண் முதலில் எங்கே போனது, பிறகு எங்கே போய் நின்றது என்று மட்டும் சொல்ல வேண்டும். ‘முதல்ல அந்த நீல டிரம்தான் தெரிஞ்சுது. அப்புறம்தான் ஏலம் விடுற அம்மாவைப் பார்த்தேன்.’ இதற்குத் தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. நேற்றுச் சேர்ந்தவரும் சொல்லலாம், எடுத்தவருக்கு அதிகம் உதவுவதும் இதுதான். சுற்றை இளையவரிடமிருந்து ஆரம்பியுங்கள். சீனியர் வாயைத் திறந்துவிட்டால் நம் ஊரில் அதற்குப் பிறகு எல்லோரும் ‘சார் சொன்ன மாதிரி…’ என்றுதான் தொடங்குவார்கள்.

இரண்டாவது, கேள்விகள். முதலில் எடுத்தவர் கேட்பார்: ‘பின்னால இருக்கிற படகு உறுத்துதா?’ அடுத்து மற்றவர்கள். கேள்விக்குள் குத்தல் ஒளிந்திருக்கக் கூடாது. ‘ஏன் இவ்வளவு இருட்டா எடுத்தீங்க?’ என்பது கேள்வியே அல்ல. ‘முகத்துல எவ்வளவு வெளிச்சம் வேணும்னு நெனச்சீங்க?’ என்று கேட்கலாம். கடைசியாகத்தான் அபிப்பிராயம், அதுவும் அனுமதி கேட்டு: ‘க்ராப் பத்தி ஒண்ணு சொல்லவா?’ அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் வகுத்த நான்கு படி முறையும் ஏறக்குறைய இந்த வரிசைதான். நடனத்துக்காக வந்தது, புகைப்படத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

அபிப்பிராயம் சொல்லும்போது மூன்று வகையைக் கலக்காதீர்கள். சாய்ந்த தொடுவானம், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஆள் போன்றவற்றை இன்றைக்கே எடிட்டில் சரிசெய்துவிடலாம். அடுத்த முறை போகும்போது திருத்த வேண்டியவை வேறு. ஏலம் விடும் அம்மாவின் தலையில் படகின் கம்பம் முளைத்தது போல இருந்தால், ‘பேக்ரவுண்ட் சரியில்லை’ என்று நிறுத்தாமல் ‘ஒரு அடி இடது பக்கம் நகர்ந்திருந்தா கம்பம் தலையை விட்டு விலகியிருக்கும்’ என்று சொல்ல வேண்டும். நடக்கிற கூடைக்காரர் கலங்கியிருந்தால் 1/60 போதாது, 1/250க்கு ஏற்றிப் பார்க்கச் சொல்லலாம். எடுத்தவர் வேண்டுமென்றே கலங்கவைத்திருக்கவும் கூடும். அதற்குத்தான் கேள்விச் சுற்று. மூன்றாவது வகை யாராலும் திருத்த முடியாதது: அன்றைக்கு மேகம் கவிந்திருந்தது. அதைப் பற்றிப் பேசி நேரம் கடத்தாதீர்கள்.

என்ன சொல்வதென்று தெரியாவிட்டால் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அம்மாவும் மீனும் மறைந்து வெளிச்சமும் வடிவமும் மட்டும் நிற்கும். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரஸ்ஸோனுக்கு இந்தப் பழக்கம் உண்டு என்பார்கள்.

‘எனக்குக் கறுப்பு வெள்ளைதான் பிடிக்கும்’ என்பது உங்கள் ருசி. ருசி என்றே சொல்லிவிடுங்கள். ‘என்ன லென்ஸ்?’ என்பதை டீக்கடைக்கு ஒத்திவையுங்கள். ரூல் ஆஃப் தேர்ட்ஸ் போலீஸ்காரர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். படத்தில் எது கெட்டுப்போனது என்று காட்டச் சொன்னால் பெரும்பாலும் அடங்கிவிடுவார்.

கேட்பவர் முறை

பேசாமல் இருங்கள். ‘அங்க நிக்கவே இடமில்லண்ணே’ என்று வாய்வரை வரும். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் படத்தில் அது தெரியாது. சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பேசும்போது பாதிதான் காதில் விழும், திட்டு மட்டும் முழுதாக விழும். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அங்கே ஏதோ இருக்கிறது. ஆனால் மூவரும் மூன்று மருந்து சொல்வார்கள், எதையும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. ஓரிரு நாள் ஆறப்போட்டு, மூலப்படத்தைத் தொடாமல் நகல் எடுத்து அதில் சொன்னதைச் செய்து பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரும்பாலும் உங்களுக்கே விளங்கிவிடும்.

படத்தில் இருப்பவர்

குழுவில் இல்லாத ஒருவரும் இந்தப் பேச்சில் உண்டு. லாங்கின் படத்திலிருந்த தாய் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சனின் பெயர் 1978 வரை உலகுக்குத் தெரியாது. தெரியவந்தபோது, அந்தப் படத்தால் தனக்கு எதுவும் கிடைக்கவில்லை என்ற மனக்குறையே அவர் பேச்சில் இருந்தது. தெருக் குழந்தை, கோயில் வாசல் கிழவி, உடை மாற்றும் நாடகக் கலைஞர் என்று வரும் படங்களில், கோணம், வெளிச்சம் எல்லாவற்றுக்கும் முன்னால் ‘அவங்களுக்குத் தெரியுமா? இதைப் பார்த்தா என்ன சொல்லுவாங்க?’ என்று கேளுங்கள். ஆனால் இதைச் சபையில் வைத்துக் குற்றச்சாட்டாகச் சொன்னால் எடுத்தவர் எதிர்த்து வாதாடத்தான் செய்வார். தனியே கூப்பிட்டுச் சொன்னால் காதில் விழும்.

அடுத்த கூட்டத்தை, போன முறை பேசிய படங்களின் மாற்றிய பிரதியோடு தொடங்குங்கள். எதையும் மாற்றாமல் அதே படத்தோடு வந்தவரிடம் காரணம் கேட்க வேண்டாம்.