குளுசையைப் பாதியாக உடைக்கலாமா?

போன மாதம் லயத்தில் ஒரு அம்மா தன் குளுசை டப்பாவைத் திறந்து எங்களுக்குக் காட்டினார். எல்லாம் பாதி பாதியாக உடைத்திருந்தது. "மாசக் கடைசி வரைக்கும் வரணுமே புள்ளைங்களா" என்றார்.

2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் போனபோது ஆஸ்பத்திரிகளில் மருந்து குறைந்தது. மாவும் அரிசியும் விலை ஏறின. அப்போது நாட்சம்பளம் 1000 ரூபா. அன்று தொடங்கிய பழக்கம் பல வீடுகளில் இன்னும் விட்டபாடில்லை. கிளினிக்கில் மருந்து இலவசம்தான். ஆனால் அன்றைக்குப் பேர் கிடையாது, பஸ் காசு வேறு. இதை இலவசம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

பிரஷர் குளுசையைக் குறைத்தால் உடம்பில் ஒன்றும் தெரியாது. வலிக்காது. உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும், ஒருநாள் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும்.

சீனி வியாதிக்காரருக்கு ஆபத்து வேறு மாதிரி. கிளிக்கிளசைட் போன்ற குளுசைகள் உடம்பில் இன்சுலினைச் சுரக்க வைக்கும். வீட்டில் மா இல்லை என்று வெறும் தேத்தண்ணியோடு குளுசையையும் போட்டு மலைக்கு ஏறினால் சீனி மளமளவென்று இறங்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும், பேச்சுக் குழறும். உடனே மூன்று, நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு தடவை. பிறகு ரொட்டியோ சோறோ சாப்பிட வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். மெட்போமின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. ஆனாலும் வெறும் வயிற்றில் அது குமட்டும்.

அப்படியானால் காசில்லாதபோது என்ன செய்வது? டொக்டரிடம் மறைக்காதீர்கள். "ஐயா, ஒருவேளைதான் சாப்பாடு, இதை வாங்க முடியாது" என்று சொல்லுங்கள். சொல்ல வெட்கப்பட்டால் அவர் இன்னும் கூடுதலாக எழுதிவிடுவார். குளுசை வேலை செய்யவில்லை என்றுதானே அவர் நினைப்பார்! வெளியில் வாங்கத் துண்டு தந்தால், கம்பனிப் பெயரில் அல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரில் விலை குறைந்தது இருக்கிறதா என்று கேளுங்கள். அரசாங்க ஒசுசலவிலும் விசாரியுங்கள். பேராசிரியர் சேனக்க பிபிலே முன்னின்று 1971இல் மருந்துக் கூட்டுத்தாபனத்தை உருவாக்கியது இதற்காகத்தான்.

அந்த அம்மா இப்போது சேலை முந்தானையில் கொஞ்சம் சீனி முடிந்துகொண்டுதான் பெரட்டுக்குப் போகிறார்.