பக்கத்து வீட்டுக்குக் கேட்டது என்ன?

(வாத்தியக் குழுவில் பேஸ் வாசிக்கிற தம்பிமார்களுக்கு ஒரு பாடம்)

தியான பகுதி: 1 கொரிந்தியர் 14:7-9. வேதத்தைத் திறந்து வாசித்துவிட்டு மேலே செல்லவும்.



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்துச் சபைகளில் இன்றைக்கு பேஸ் கிட்டார் இல்லாத ஆராதனை அபூர்வம். தகர ஷீட் போட்ட சின்ன ஜெபவீட்டில்கூட ஒரு தம்பி நாலு கம்பியைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். நல்லதுதான். நானும் வாலிப வயதில் பேஸ் வாசித்தவன். ஆனால் அதன் சத்தத்தைப் பற்றி எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது வேதாகமக் கல்லூரி அல்ல, எங்கள் சபைக்குப் பக்கத்து வீட்டு அம்மா.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்ததும் அந்த அம்மா வாசலில் வந்து நின்றார்கள். "பாஸ்டர் தம்பி, உங்க பாட்டு நல்லாத்தான் இருக்கும். ஆனா எங்களுக்குப் பாட்டு எங்க கேக்குது? டும் டும்னு சுவத்துல அதிருறது மட்டுந்தான் கேக்குது. அவரு ஆபரேஷன் ஆனவரு, நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு" என்றார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்ச நேரந்தானம்மா, பொறுத்துக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதைச் சொன்ன என் வாயை நினைத்து இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அதே நாளில் சபையாரிடம் கேட்டால், "பாஸ்டர், பேஸ் சரியாவே கேக்கல, இன்னும் கூட்டச் சொல்லுங்க" என்கிறார்கள். உள்ளே கேட்கவில்லை, வெளியே தாங்க முடியவில்லை. இது எப்படி? அடுத்த வாரம் துதி ஆராதனையை உதவி ஊழியரிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த வீட்டு முன்னறையில் போய் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. கர்த்தருடைய நாமம் கேட்கவில்லை. ஜன்னல் கண்ணாடி நடுங்கினது மாத்திரம் கேட்டது. குழலானாலும் சுரமண்டலமானாலும் தொனி பிரிந்து தெரியாவிட்டால் கேட்கிறவனுக்கு என்ன பிரயோஜனம் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதினது எங்கள் சபைக்கே எழுதினது போல இருந்தது.

அன்றைக்குத் தொடங்கி நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே பாடமாகத் தருகிறேன்.

1. பேஸ் சத்தத்தின் குணம்

1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள், அதன் பிறகு தோளில் மாட்டிக்கொண்டு வாசித்தார்கள். அதன் நான்கு கம்பிகளும் கனமான கம்பியிலிருந்து தொடங்கி ஈ, ஏ, டி, ஜி. அவற்றின் அதிர்வு வினாடிக்கு ஏறக்குறைய 41, 55, 73, 98. இதைத்தான் ஹெர்ட்ஸ் என்கிறோம்.

நம்ம ஊர் வெயிலில் சத்தம் வினாடிக்கு சுமார் 350 மீட்டர் வேகத்தில் போகிறது. இதை 41-ஆல் வகுத்துப் பாருங்கள். கனத்த ஈ கம்பியின் ஒரு அலையின் நீளம் எட்டரை மீட்டர், அதாவது 28 அடி! பேச்சில் வார்த்தையைத் தெளிவாக்குகிற 1,000 ஹெர்ட்ஸ் சத்தத்தின் அலையோ ஓர் அடிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். சின்ன அலையைச் சுவரும் திரையும் கதவும் பெருமளவு தடுத்துவிடும். 28 அடி அலைக்கு ஒரு திரைச்சீலை எம்மாத்திரம்? சுவரையே லேசாக ஆட்டி அந்தப் பக்கம் போய்விடுகிறது. மேலே தகர ஷீட்டோ ஆஸ்பெஸ்டாஸோ இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே பாட்டு உள்ளே தங்கிவிடுகிறது, பேஸ் மட்டும் பக்கத்து வீட்டுக்குப் போகிறது.

2. உள்ளே ஏன் கேட்கவில்லை?

எங்கள் ஜெபவீட்டின் அகலம் 21 அடி. ஏ கம்பியின் அலை நீளமும் ஏறக்குறைய 21 அடி! இரண்டும் ஒத்துப்போகிறபடியால், இரண்டு பக்கச் சுவர் ஓரத்திலும் நட்ட நடுவிலும் அந்தச் சத்தம் பெருகும். சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி ஏறக்குறைய செத்துப்போகும். நம் சபைகளில் எப்படி உட்காருகிறோம்? ஒரு பக்கம் சகோதரர்கள், ஒரு பக்கம் சகோதரிகள், நடுவில் நடைபாதை. ஜனங்கள் உட்கார்ந்திருந்த இடம் சத்தம் செத்த இடம். சத்தம் பெருகின இடத்திலோ காலி நடைபாதை. "கேக்கல, கூட்டுங்க" என்று அவர்கள் சொன்னது பொய்யல்ல. ஆனால் கூட்டினதால் உள்ளே இருந்தவர்களுக்கும் பிரயோஜனமில்லை, வெளியே இருந்தவர்களுக்கும் சமாதானமில்லை.

உங்கள் ஜெபவீட்டின் அளவு வேறாயிருக்கும். ஒரு வேலை செய்யுங்கள். ஒருவர் கீழேயிருந்து ஒவ்வொரு சுரமாக ஒரே பலத்தில் வாசிக்கட்டும், இன்னொருவர் ஹாலுக்குள் மெதுவாக நடக்கட்டும். எந்தச் சுரம் எங்கே வீங்குகிறது, எங்கே மறைகிறது என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

3. ஆம்ப்ளிஃபயரை எங்கே வைப்பது?

எங்கள் தம்பி ஆம்பைச் சுவர் மூலையில், தரையில் வைத்திருந்தார். மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து தாழ்ந்த சத்தத்தை வெகுவாகக் கூட்டிவிடும். ஆகவே முதல் காரியம், மூலையை விட்டு வெளியே எடுத்தோம். பக்கச் சுவரிலிருந்து ஐந்தடியில் வைத்தபோது அந்த ஏ சுரத்தின் வீக்கம் பெருமளவு அடங்கினது.

இரண்டாவது, ஆம்ப் தரையில் இருந்தால் தெளிவைத் தரும் நடு சத்தமெல்லாம் வாசிக்கிறவருடைய முழங்காலுக்குத்தான் போகும். காதுக்கு வராததால் அவர் கூட்டிக்கொண்டே போவார். ஒரு ஸ்டாண்டில் ஏற்றி முகத்தைக் காதுக்கு நேராகச் சாய்த்து வைத்தோம். தம்பி தானாகவே வால்யூமைக் குறைத்தார்.

மூன்றாவது, வாட்ஸைக் கண்டு மயங்காதீர்கள். 100 வாட்ஸை 200 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற சுமார் 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. காணிக்கைப் பணத்தில் பெரிய பெட்டி வாங்குவதற்கு முன் இருக்கிற பெட்டியை இடம் மாற்றிப் பாருங்கள். அதற்குச் செலவில்லை!

4. மிக்ஸருக்கு எப்படிக் கொடுப்பது?

பேஸிலிருந்து நீளமான ஒயரை இழுத்து நேராக மிக்ஸரில் சொருகினால் இரைச்சல் வரும், தெளிவும் போகும். கிட்டார் ஒயர் இருபது அடிக்குள் இருக்கட்டும். அங்கே ஒரு டி.ஐ. பாக்ஸ் வையுங்கள். அது பேஸின் சிக்னலை மைக் லைனைப் போல மாற்றி, மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். ஒயரில் அனுப்பும். அந்த ஒயரில் ஒரே சிக்னல் இரண்டு கம்பிகளில் நேரெதிராகப் போகிறது. வழியில் சேர்ந்த இரைச்சலோ இரண்டிலும் ஒரே மாதிரி சேரும். மிக்ஸர் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் அடிபட்டுப்போகும். நூறு அடி இழுத்தாலும் பயமில்லை. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள சாதாரண டி.ஐ. பாக்ஸுக்கு கரண்டே வேண்டாம். சிலவற்றுக்கு மட்டும் பேட்டரியோ மிக்ஸரின் 48 வோல்ட்டோ வேண்டும்.

இனி நான் சொல்லுவதைக் கேட்டு சவுண்ட் சர்வீஸ் தம்பிகள் சிரிக்கலாம். மிக்ஸரில் 'லோ கட்' என்று ஒரு பொத்தான் உண்டு. சிறிய மிக்ஸர்களில் பெரும்பாலும் 75 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைக்கும். பேஸுக்கு அதைப் போடவே கூடாது என்பார்கள். எங்கள் சின்ன ஜெபவீட்டில் நான் போட்டேன்! பேஸ் காணாமற்போகவில்லை. காரணம், ஈ கம்பியைத் தட்டினால் 41 மட்டுமல்ல, 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் சேர்ந்து ஒலிக்கும். அடிச்சுரம் குறைந்தாலும் மடங்குகளை வைத்து நம் காது அதைத் தானே நிரப்பிக்கொள்ளும். சின்ன போன் ஸ்பீக்கரிலும் ஆண் குரல் ஆண் குரலாகவே கேட்கிறதல்லவா? நம்மைப் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கினவருக்கே ஸ்தோத்திரம்! பிறகு 700 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் கூட்டினோம். விரல் படுகிற சத்தமும் சுரமும் பிரிந்து தெரிந்தது.

இன்னொன்று. கீபோர்டில் ரிதம் ஸ்டைல் போட்டு வாசித்தால் அதற்குள்ளும் ஒரு பேஸ் ஓடும். மேடையில் இரண்டு பேஸ் சண்டை போட்டால் ஜனத்துக்குக் கூழ் போலத்தான் கேட்கும். ஸ்டைலில் பேஸ் பகுதியை நிறுத்திவிடுங்கள்.

திறந்தவெளிப் பந்தலில் கதை வேறு. அங்கே சுவர் இல்லை, தூரம் இரட்டிக்க இரட்டிக்க சத்தம் 6 டெசிபல் குறையும். அங்கே பெரிய பாக்ஸ் தேவைப்படலாம். ஆனால் புனல் ஸ்பீக்கரில் பேஸ் வராது, அது பேச்சுக்காகச் செய்யப்பட்டது. அதில் பேஸைக் கேட்கவைக்கத் திருகினால் ஸ்பீக்கர் கெடுவதுதான் மிச்சம்.

5. எர்த் பின்னை உடைக்காதிருங்கள்!

இதை எச்சரிப்பாகவே எழுதுகிறேன். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அது ஆம்பில் 'ஊம்' என்று கேட்கும்போது, சில தம்பிகள் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிடுகிறார்கள். இரைச்சல் நிற்கும், உண்மைதான். ஆனால் பேஸ் கம்பி ஆம்பின் எர்த்தோடு இணைந்திருக்கிறது. ஆம்பில் கரண்ட் கசிந்தால், கம்பியில் கையும் மைக்கில் உதடும் வைக்கிற தம்பியின் சரீரத்தின் வழியாகத்தான் அது போகும். 1972 மே 3 அன்று இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸ் நாட்டில், ஸ்வான்சீ நகர மேடையில், லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மரித்தார். 2005 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் வேக்கோ நகரில், கைல் லேக் என்ற 33 வயது போதகர் ஞானஸ்நானத் தொட்டியில் நின்றபடி மைக்கைப் பிடித்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார். ஞானஸ்நானம் கொடுக்கிற ஊழியர்களே, தண்ணீருக்குள் நிற்கும்போது ஒயர் மைக்கைத் தொடாதிருங்கள்!

இரைச்சலுக்கு வழி வேறு. டி.ஐ. பாக்ஸில் 'கிரவுண்ட் லிஃப்ட்' பொத்தான் உண்டு, அதைத் தட்டிப் பாருங்கள். மேடையும் மிக்ஸரும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுக்கட்டும். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள். ஒரு தம்பியின் உயிரைவிட அது மலிவு.

6. சட்டமும் சாட்சியும்

நமக்கு வெகு தூரமில்லாத மாதவரம் நெடுஞ்சாலையில், கே.கே.ஆர். நகரில் இருந்த ஒரு பெந்தெகொஸ்தே சபையின் மேல் குடியிருப்போர் சங்கம் வழக்குத் தொடர்ந்தது. டிரம்ஸ், கிட்டார், ஒலிபெருக்கி இவைதான் பிரச்சனை. அது உச்சநீதிமன்றம் வரை போய், 2000 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பானது. மற்றவர்களின் அமைதியைக் கெடுத்து ஜெபிக்கும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று நீதிமன்றம் கூறி, சபையின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. அதே வருஷம் வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியே கேட்கும்படி ஒலிபெருக்கி கூடாது. முழு இரவு ஜெபம் நடத்துகிறவர்கள் இதை மனதில் வைக்கவேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். அந்த அளவு 'ஏ' வகை டெசிபலில் உள்ளது. அது காதின் சுபாவப்படி தாழ்ந்த சத்தத்தைக் குறைத்துக் கணக்கிடும். 63 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 26 டெசிபலைக் கழித்துவிடும். ஆகவே மீட்டரில் எண் சரியாக இருக்கலாம், பக்கத்து வீட்டு ஜன்னல் நடுங்கிக்கொண்டே இருக்கலாம். சட்டத்தின் கணக்கில் தப்பிவிடலாம். பிறனை நேசி என்ற கட்டளையின் கணக்கில் தப்ப முடியுமா? அதற்கு மீட்டர் போதாது, அவர்கள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

முடிவாக

இவையெல்லாம் செய்து ஒரு மாதம் ஆகியிருக்கும். இரவு 10 மணிக்கு மேல் ஜெபக்கூட்டத்தில் பேஸும் டிரம்ஸும் இல்லை, கைத்தாளம் மட்டும் என்றும் தீர்மானித்தோம். வாலிபர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். உள்ளே பேஸ் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. நான் அந்த வீட்டுக்குப் போய், முதலில் அப்படிப் பேசினதற்காக அம்மாவிடமும் ஐயாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். "இப்பவும் லேசா கேக்குது தம்பி, ஆனா அவரு தூங்குறாரு" என்றார்கள். பிறகு, "போன வாரம் ஒரு பாட்டு, நல்லா இருந்துச்சு, வார்த்தைகூடப் புரிஞ்சுது" என்றார்கள்.

இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் அவர்கள் காதில் வார்த்தை விழுந்தது அன்றைக்குத்தான். சிந்தித்துப் பாருங்கள்!

சிந்தனைக்கு:
1. நம் ஆராதனை நேரத்தில் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து கேட்டதுண்டா?
2. நம் மேடையில் எர்த் பின் இல்லாத பிளக் எத்தனை?
3. சத்தத்தைக் கூட்டுவதற்கு முன் இடத்தை மாற்றிப் பார்த்தோமா?

கர்த்தர்தாமே நம் கைகளின் கிரியைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.